சாரதியில்லா ஊர்தியும் மட்டக்களப்பு வாவிக்கரைப் போக்குவரத்தும்: ஒரு வரலாற்று நோக்கு

ஊர்திகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் சக்கரத்தின் வரலாற்றையும் எந்திரத்தின் வரலாற்றையுமே எழுதி அமைகின்றனர். ஊர்தியைச் செலுத்தியவனின் வரலாறு அவர்தம் கவனத்தை அதிகம் ஈர்ப்பதில்லை. தேரைப் பற்றிப் பல குறிப்புகள் கிடைக்குமிடத்துப் பாகனைப் பற்றி ஒன்று கிடைப்பதே அரிது. இன்றோ அப்பாகனை ஊர்தியிலிருந்து முற்றாக இறக்கிவிடலாமா என்ற வினா பெருந்தொழில் நிறுவனங்களின் முன்னும் சட்டமன்றங்களின் முன்னும் எழுந்து நிற்கின்றது. சாரதியின்றித் தானே இயங்கும் மோட்டார் வாகனம் சில நாட்டு நகரங்களில் ஏற்கெனவே பயணிகளை ஏற்றிச் செல்கின்றது.

இவ்வினாவை மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்று ஆராய்வது பொருந்துமா எனச் சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதே எமது கருத்து. வாவியின் இரு கரைகளையும் இணைத்த தோணி, கரத்தை, பஸ், பாலம் ஆகியவற்றின் வரலாற்றை நோக்கின், போக்குவரத்திலிருந்து ஒரு மனிதன் விலக்கப்படும்போது அவனுடைய உழைப்போடு வேறொன்றும் விலகிப் போவதைக் காண்கின்றோம். நேர்ந்த தீங்குக்கு விடைசொல்ல வேண்டிய ஆள் யார் என்பதே அது.

பாகனற்ற ஊர்தி என்ற கற்பனை தமிழுக்குப் புதியதன்று. சோழன் நலங்கிள்ளியைப் பாடிய உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புலவரால் பாடப்படும் புகழுடையோர் பாகன் செலுத்த வேண்டாத விண்ணூர்தியை எய்துவர் என்று புறநானூற்றின் 27 ஆம் பாட்டிற் கூறுகின்றார். இதனைக் கொண்டு பண்டைத் தமிழர் விமானம் கண்டனர் என்று முழங்குவோர் உளர். அவர்களோடு எமக்கு உடன்பாடில்லை. அப்பாட்டில் நோக்கற்பாலது வேறொன்று. பாகன் வேண்டாத ஊர்தி அங்கு நல்வினை முடித்தோர்க்கு வாய்க்கும் மறுமைப் பேறு. மண்மீது செல்லும் ஊர்திக்குச் செலுத்துவோன் ஒருவன் வேண்டும் என்பது புலவரும் அரசரும் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட உண்மையாக இருந்தது.

இனி வாவிக்கு வருவோம். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி, இப்பிரதேசத்தை இரண்டாகப் பகுக்கின்றது. கதிரவன் எழும் கடலோரப் பக்கம் எழுவான்கரை. அவன் படும் மேற்குப் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் ஊர்கள் நெருங்கி அமைந்துள்ளன. நெல்வயல்களின் பெரும்பகுதி படுவான்கரையில் உள்ளது. விதைப்புக்கும் அறுவடைக்கும் கோயிலுக்கும் கொண்டாட்டத்துக்கும் மக்கள் நீரைக் கடந்தாக வேண்டும். மண்முனை, அம்பிளாந்துறை, குருமண்வெளி ஆகிய துறைகளின் முக்கியத்துவம் இதனாலேயே ஏற்பட்டது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்துக்கும் மண்டூர் முருகன் கோயிலுக்கும் எழுவான்கரை அடியார்கள் காலங்காலமாகத் துறை கடந்தே சென்றனர்.

இத்துறைகளில் மக்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கு மட்டக்களப்பு மக்கள் இட்ட பெயர் ‘பாதை’ என்பதாகும். ‘பாதை வரட்டும்’, ‘பாதை அக்கரைக்குப் போய்விட்டது’ என்று பேசுவதைப் புதிதாக வருவோர் கேட்டால் மயங்குவர். பாதை என்பது கிடந்த இடத்திற் கிடக்க, அதன்மேல் நாம் செல்வதன்றோ வழக்கம்? இங்குப் பாதையே அசைகின்றது. அதனை அசைப்பவன் காற்றின் போக்கையும் நீரோட்டத்தையும் அறிந்தவன். சுமை மிகுந்தால் ஒருவரை இறங்கச் சொல்பவன். கொண்டல் காற்று முற்றினால் இன்று ஓடாது என்று கட்டிவைப்பவன். பயணி அவனோடு வாதிடலாம், கெஞ்சலாம், ஏசலாம். ஒரு தீங்கு நேர்ந்தால் ஊர் அவனிடம் சென்று கேட்கும்.

தரைப் போக்குவரத்தில் நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது மாட்டுக் கரத்தை. சாரதியில்லா ஊர்தியைப் பற்றிய நவீன வாதங்கள் அனைத்துக்கும் முன்னோடி இந்த எளிய வண்டியே என்று கூறின் அது மிகையாகாது. வயலிலிருந்து நெல்மூடை ஏற்றி இரவில் வரிசையாக வரும் வண்டிகளில் முன்வண்டிக்காரன் விழித்திருப்பான், பின்வண்டிக்காரர் கண்ணயர்வர். எருதுகள் தம் முன்னே ஆடும் விளக்கைத் தொடர்ந்து நடக்கும். பழகிய வழியாயின் ஒற்றை வண்டியும் உறங்கும் ஆளைச் சுமந்தபடி வீட்டு வாசலில் வந்து நிற்கும். (2016 இல் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலிருந்து பாரவூர்திகள் ஒன்றையொன்று மின்கருவியால் தொடர்ந்து றொட்டர்டாம் துறைமுகத்துக்குச் சென்றமை பெரும் புதுமையாகப் பேசப்பட்டது. நம் வண்டிக்காரர் கண்டிருப்பின் சிரித்திருப்பர்.)

இவ்வொப்புமையை மேலோட்டமாக விட்டுவிடுதல் தகாது. வண்டிக்காரன் ஏன் அச்சமின்றி உறங்கினான்? முதலாவது காரணம் வேகம். மனிதன் நடக்கும் வேகத்தை விஞ்சாத வண்டியால் விளையும் தீங்கு சிறிது. இரண்டாவது காரணம் எருதின் இயல்பு. எருதுக்கு உயிருண்டு, ஆகவே அது பள்ளத்தை அஞ்சும், வெள்ளத்தின் முன் நின்றுவிடும், வழியில் கிடப்பது குழந்தையாயினும் பாம்பாயினும் மிதியாது விலக முயலும். தன் உயிரைக் காக்கும் முயற்சியில் வண்டியையும் காத்துவிடுகின்றது. கணினிக்கு இத்தகைய அச்சம் இல்லை. அதற்கு அச்சத்தைக் கற்பிக்க முடியாதென்று கூறுவதற்கில்லை; எனினும் எவற்றை அஞ்ச வேண்டும் என்ற பட்டியலை எங்கோ இருக்கும் ஒருவர் எழுதிக்கொடுக்க வேண்டும், அல்லது ஆயிரமாயிரம் காட்சிகளைக் காட்டிப் பழக்க வேண்டும். அந்தக் காட்சிகள் எந்த நாட்டு வீதிகளிற் பிடிக்கப்பட்டவை என்பது பின்னர் நாம் கேட்க வேண்டிய வினா.

எருது தவறிழைத்தால் என் செய்வது? பழைய உரோமச் சட்டம் இதற்கு வியத்தகு விடையொன்றை வைத்திருந்தது. நாற்கால் வீட்டு விலங்கு பிறர்க்குத் தீங்கு செய்யின், உரிமையாளன்மீது குற்றம் இல்லாவிடினும் அவன் ஈடு செய்தல் வேண்டும், அல்லது அவ்விலங்கையே ஒப்படைத்தல் வேண்டும் என்பது அது. இக்கோட்பாடு உரோமன் டச்சுச் சட்டத்திலும் இடம்பெற்றது. ஒல்லாந்தர் ஆட்சி வழியாக அச்சட்டம் இலங்கைப் பொதுச் சட்டத்தின் அடித்தளமாக அமைந்தது யாவரும் அறிந்ததே. தானே முடிவு செய்து நகரும் ஒன்றை ஒருவன் வீதியில் விட்டால் அதன் பயனை நுகர்பவனே அதன் கேட்டையும் ஏற்க வேண்டும் என்ற எண்ணம், கணினி பிறப்பதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தெளிவாக உருவாகியிருந்தது.

ஆங்கிலேயர் காலத்து நகராட்சியினர் வேறு வழியை நாடினர். 1906 இல் கொழும்பு வண்டிக்காரர் செய்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் இடம்பெற்ற ஒன்று. வண்டியின்மேல் அமர்ந்து செலுத்துதல் ஆகாது, இறங்கி மாட்டோடு நடத்தல் வேண்டும் என்ற விதியை நடைமுறைப்படுத்த முயன்றதே அதற்குக் காரணம். விதி வகுத்தவரின் நோக்கம் விளங்காமலில்லை: செலுத்துவோன் விழித்திருக்க வேண்டும், மாடு அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆனால் நாள்முழுதும் நடக்கும் கால்கள் யாருடையவை என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. சாலையின் பாதுகாப்புக்கான விலையை மிக எளிய தொழிலாளியே கொடுக்க வேண்டும் என்ற இம்மனப்பாங்கு பின்னரும் மறையவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் மாற்றங்கள் விரைந்து வந்தன. ஆளுநர் மானிங் காலத்தில் தொடங்கிய முயற்சியின் விளைவாகக் கல்லடியில் இரும்புப் பாலம் எழுந்து அவர் மனைவியின் பெயரைப் பெற்றது. 1928 இல் புகையிரதம் மட்டக்களப்பை அடைந்தது. ஓட்டமாவடியில் புகையிரதமும் வீதி வாகனங்களும் நெடுங்காலம் ஒரே பாலத்தைப் பகிர்ந்துகொண்டன. 1958 சனவரி முதலாம் நாள் பஸ் சேவை தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. கல்லடியில் புதிய பாலம் 2013 இலும் மண்முனைப் பாலம் 2014 இலும் திறக்கப்பட்டன. பாலங்களின் கல்வெட்டுகளில் ஆளுநர் மனைவியின் பெயருக்கு இடமுண்டு. தோணிக்காரனின் பெயருக்கு இடமில்லை.

பாலம் வந்ததை யாரும் இழப்பென்று கூறார். நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற பெண்ணைப் படுவான்கரையிலிருந்து கொண்டுவர அக்கரையில் நிற்கும் பாதையைக் கூவியழைத்த காலத்தை ஏக்கத்தோடு நினைப்பவர் அக்கரையில் வாழாதவராகவே இருத்தல் கூடும். எனினும் ஒன்று குறிக்கத்தக்கது. தோணிக்காரன் விலகியபோது அவன் பொறுப்பு அழிந்துவிடவில்லை. சாரதியிடமும் நடத்துநரிடமும் சபையிடமும் கைமாறியது. யாரிடம் முறையிடலாம் என்பது ஒவ்வொரு முறையும் சிறிது தாமதித்தேனும் தெரிந்தது.

சாரதியையே விலக்கும் முயற்சியின் வரலாறு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கொண்டது. 1925 இல் நியூயோர்க் வீதிகளில் ஆளில்லாத மோட்டார் வாகனமொன்று வானொலி அலைகளால் செலுத்தப்பட்டது. பின்னால் வந்த வாகனத்திலிருந்து ஒருவர் அதனை இயக்கினார் ஆதலின் அது தன்னியக்கம் ஆகாது. 1939 இல் அதே நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் தானியங்கும் நெடுஞ்சாலைகளைக் கொண்ட எதிர்கால நகரின் மாதிரியைக் காட்டியது. உண்மையான முன்னேற்றம் 1980களில் ஜேர்மனியில் ஏர்ன்ஸ்ற் டிக்மன்ஸ் என்ற பேராசிரியர், கமராவின் காட்சியைக் கொண்டு கணினி வழிசெலுத்தும் வாகனத்தை உருவாக்கியபோதே ஏற்பட்டது. 1995 இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய வாகனம் அந்நாட்டைக் குறுக்காகக் கடந்தது. பயணத்தின் 98 சதவீதத்துக்கு மேல் சுக்கானைக் கணினியே திருப்பியது. வேகமும் தடுப்பும் மனிதரிடம் இருந்தன. 2004 இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனம் மொஹாவிப் பாலைவனத்தில் நடத்திய போட்டியில் ஒரு வாகனமும் இலக்கை அடையவில்லை. மிகத் தூரம் சென்றது ஏறத்தாழ 12 கிலோமீற்றரே. அடுத்த ஆண்டில் ஐந்து வாகனங்கள் முழுத்தூரத்தையும் கடந்தன. 2009 இல் கூகிள் நிறுவனம் தொடங்கிய முயற்சி பின்னர் வேமோ எனத் தனி நிறுவனமாகி, 2020 இல் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகர்ப்பகுதியில் சாரதியற்ற வாடகை வாகனங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது.

பாலைவனத்தில் முதலிற் பயின்று பின்னர் மழைகுறைந்த, அகன்ற வீதிகளையுடைய நகரொன்றில் தொழிலுக்கு வந்தது என்ற செய்தியை வாவிக்கரை வாசகர் மனத்திற் கொள்வாராக.

இவ்வூர்தியின் நன்மைகளைக் குறைத்துக் கூறுதல் நேர்மையன்று. உலகில் வீதி விபத்துகளால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 11.9 இலட்சம் மக்கள் மடிவதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. இலங்கையில் இத்தொகை ஆண்டுதோறும் 2,000ஐத் தாண்டுகின்றது. இவற்றுட் பெரும்பாலானவை மனிதத் தவறுகளால் விளைபவை. கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் இரவிரவாக வாகனம் செலுத்தி வரும் இளைஞன், விடியற்காலையில் ஒரு கணம் கண்மூடியதால் ஒரு குடும்பமே அழிந்த செய்தியைப் பத்திரிகைகளில் நாம் எத்தனை முறை படித்திருக்கின்றோம்! எந்திரம் உறங்காது, குடியாது, சினங்கொண்டு முந்தாது. கண்பார்வை அற்றோரும் முதியோரும் பிறர் தயவின்றிச் சென்றுவர அது வழிசெய்யக்கூடும். இரவு நேரத்து நெடுஞ்சாலைப் பயணத்துக்கேனும் இத்தகைய உதவி வருமாயின் அதனை வரவேற்க வேண்டும் என்பதே எமது நிலை.

ஆயினும் 2018 மார்ச் 18 ஆம் நாள் இரவு அரிசோனாவின் ரெம்பி நகரில் நிகழ்ந்ததை விரிவாக நோக்குதல் அவசியம். ஊபர் நிறுவனத்தின் பரிசோதனை வாகனமொன்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த பெண்ணொருவரை மோதிக் கொன்றது. மோதலுக்கு ஐந்து வினாடிகளுக்கு மேல் இருக்கும்போதே கருவிகள் அவரைக் கண்டுவிட்டன. காணாமை அங்குக் குறையன்று. கண்டது எதுவென்று விளங்காமையே குறை. வாகனம் என்றது, வேறு பொருள் என்றது, சைக்கிள் என்றது. ஒவ்வொரு முறையும் அதன் போக்கைப் புதிதாகக் கணித்தது. கடவை அல்லாத இடத்தில் மனிதர் வீதியைக் கடக்கக்கூடும் என்ற எண்ணமே அதற்கு ஊட்டப்பட்டிருக்கவில்லை என அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் விசாரணை கண்டது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நினைத்த இடத்தில் வீதியைக் கடத்தல் ரெம்பியில் விதிவிலக்காக இருக்கலாம். களுவாஞ்சிக்குடியிலும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் அதுவே அன்றாட வழக்கம். சைக்கிளில் விறகுக்கட்டு இருக்கும், மீன்பெட்டி இருக்கும், நெல்மூடை இருக்கும். பின்னிருந்து பார்ப்போர்க்குச் சைக்கிளே தெரியாது. அறுவடைக் காலத்தில் வீதியின் ஒரு பக்கத்தில் நெல் காயும். அந்தியில் கட்டாக்காலி மாடுகள் தாரின் சூட்டை நாடி நடுவீதியிற் படுத்திருக்கும். படுவான்கரையின் உட்பகுதிகளில் இரவில் யானை நிற்கும். பழைய கல்லடிப் பாலத்தில் ஒரு திசை வாகனங்களே செல்ல இடமிருந்த காலத்தில், எதிரெதிர் முனைகளில் நின்ற சாரதிகள் விளக்கைச் சிமிட்டியும் கையை அசைத்தும் தமக்குள் ஒழுங்கு செய்துகொண்டனர். வீதிச் சட்டத்தின் அளவுக்கு இந்தக் கண்சாடையும் கையசைவும் இங்குப் போக்குவரத்தை நடத்துகின்றன. முப்பதாண்டுப் போரின்போது சோதனைச் சாவடியிற் காட்டப்பட்ட கையசைவைச் சரியாக வாசித்தமையால் உயிர் தப்பிய சாரதிகளின் அனுபவமும் இவ்வறிவின் ஒரு பகுதியே.

நிலமும் இங்கு நிலையானதன்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் ஏறிவந்து நாவலடியை அழித்தது. 2011 சனவரி வெள்ளத்தில் வீதிகள் வாவியோடு ஒன்றாயின. இத்தகைய நாள்களில் ஒருவர் கோல் ஊன்றி நீருக்குள் முன்னே நடந்து தடம் காட்ட, உழவு இயந்திரம் ஆள்களை ஏற்றிக்கொண்டு பின்னே ஊர்ந்து செல்லும். 1865 இல் பிரித்தானிய நாடாளுமன்றம், எந்திர வண்டிக்கு முன்னே ஒருவர் செங்கொடி பிடித்து நடத்தல் வேண்டும் எனச் சட்டம் செய்தது. பிற்காலத்தார் அதனைப் பழமைவாதத்தின் பித்தெனக் கேலி செய்வர். வெள்ளத்தில் நின்று பார்ப்பவர்க்கு அக்கேலி அவ்வளவு எளிதாக வராது. துல்லியமான வரைபடத்தை நம்பி ஓடும் ஊர்தி, வரைபடம் பொய்யாகும் நாளில் என்ன செய்யும்? நின்றுவிடும் என்பர். அது நல்லது. நின்ற இடத்தில் நீர் ஏறினால் உள்ளிருப்போர் யாரைக் கூப்பிடுவர்?

வேலையிழப்பு வேறொரு பிரச்சினை. இலங்கையில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முச்சக்கர வண்டிகள் பதிவு பெற்றுள்ளன. போரில் தொழிலிழந்த குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவே பிழைப்பு. வேலையில்லாதோர் மிகுந்த நாட்டில் சாரதிகளின் தொழிலைப் பறிக்கும் ஊர்தியை அனுமதிக்க முடியாதென இந்தியப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2017 இல் அறிவித்தார். உணர்வு நன்று, ஆனால் தடையொன்றே கொள்கையாகிவிடாது. பாலம் கட்டும்போது தோணிக்காரனுக்கு என்ன வழி என்று முன்னரே கேளாத அரசுகள், இதிலும் பின்னரே கேட்கும் என்பதே வரலாறு தரும் அச்சம்.

ரெம்பி நிகழ்ச்சியின் பிற்பகுதிதான் இக்கட்டுரையின் மையப் பொருளுக்கு மிக அணுக்கமானது. அவ்வாகனத்தில் கண்காணிப்பாளர் ஒருவர் அமர்த்தப்பட்டிருந்தார். அவர் வீதியைப் பாராது கைத்தொலைபேசியைப் பார்த்திருந்தார். நிறுவனத்தின்மீது குற்றவியல் வழக்குக்கு அடிப்படை இல்லையென 2019 இல் அரச வழக்குரைஞர் தீர்மானித்தார். கண்காணிப்பாளர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2023 இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்கு உட்படுத்தப்பட்டார். வாகனத்தை வடிவமைத்தோர், அவசரத் தடுப்பை நிறுத்திவைத்தோர், பொது வீதியில் பரிசோதிக்க இசைந்தோர் எவரும் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. கூலிக்கு அமர்ந்திருந்தவரே நின்றார். 1906 இல் மாட்டோடு நடக்கப் பணிக்கப்பட்டவனின் நினைவு இங்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை.

சட்டங்கள் மெல்ல அசைகின்றன. 1968 இன் வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை, இயங்கும் ஒவ்வோர் ஊர்திக்கும் சாரதி ஒருவர் இருத்தல் வேண்டும் என்றும், அவர் ஊர்தியை அல்லது விலங்குகளை எந்நேரமும் ஆளக்கூடியவராதல் வேண்டும் என்றும் விதித்தது. கரத்தையும் காரும் ஒரே வாக்கியத்தில் அமைந்த அழகை அங்குக் காணலாம். 2022 இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், உள்நாட்டு விதிகளுக்கு அமைந்த தானியங்கும் முறை செலுத்தும்போது சாரதி உளர் என்றே கொள்ளலாம் என்றது. பிரித்தானியா 2018 இல் இயற்றிய சட்டத்தின்படி, தானே ஓடும் காப்புறுதி செய்யப்பட்ட ஊர்தியால் தீங்குற்றோர்க்கு முதலிற் காப்புறுதி நிறுவனமே ஈடுசெய்தல் வேண்டும். 2024 இன் சட்டம், அனுமதி பெற்ற நிறுவனமே ஊர்தியின் செலுத்துகைக்குப் பொறுப்பு என வரையறுத்து, உள்ளே அமர்ந்திருப்பவரை அப்பழியிலிருந்து விடுவித்தது. உரோமரின் எருதுக் கோட்பாடு புதிய உடையில் திரும்பி வந்துள்ளது எனலாம்.

இலங்கையின் 1951 ஆம் ஆண்டு 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டிருப்பினும், அனுமதிப்பத்திரம் பெற்ற மனிதச் சாரதி ஒருவரை நடுவில் வைத்தே அமைந்தது. மூன்றாம் திறத்தார் காப்புறுதியை அது கட்டாயமாக்கியுள்ளமை நல்ல தொடக்கம். ஆனால் ஊர்தியை உருவாக்கிய நிறுவனம் கடல்கடந்து இருக்க, அதன் கட்டளை நிரல் இரவோடிரவாக மாற்றப்பட, மோதிய கணத்தில் அது என்ன கண்டது என்ற பதிவும் அந்நிறுவனத்தின் கையிலேயே இருக்குமாயின், கொக்கட்டிச்சோலையில் மகனை இழந்த தாய் எந்த நீதிமன்றில் எவரை அழைப்பாள்? பதிவேடு உள்நாட்டில் வைக்கப்பட வேண்டும், இறக்குமதி செய்பவர் உருவாக்கியவரின் இடத்தில் நின்று விடைசொல்ல வேண்டும், வாவிக்கரை போன்ற வீதிகளில் மழைக்காலத்திலும் அறுவடைக் காலத்திலும் பரிசோதித்த பின்னரே அனுமதி வழங்க வேண்டும் என்ற மூன்றையேனும் முதல் ஊர்தி கொழும்புத் துறைமுகத்தில் இறங்குமுன் சட்டத்தில் எழுதிவிடுதல் இயலும். இதற்குப் பொறியியலாளரைக் காட்டிலும் சட்டம் பயில்வோரும் வரலாறு பயில்வோருமே முதலில் முன்வர வேண்டியவராவர்.